பின்னலாடைக் கல்வியும் நம் பிள்ளைகளும்

(பள்ளி இறுதித் தேர்வில் தேர்ச்சி பெற்ற நமது ஜமாஅத் மாணவ மாணவியரைப் பாராட்டும் அமர்வில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





உயர்கல்வியின் அவசியம் குறித்துப் பேசுமாறு நிர்வாகிகள் நம்மைப் பணித்துள்ளனர். இத்தலைப்பில் ஆண்டுதோறும் இம்மேடையில் உரைகள் நிகழ்ந்துள்ளன. மருத்துவம், பொறியியல், ஆட்சிப்பணி ஆகியவற்றைப் பற்றி அறிஞர் பெருமக்கள் வந்து நிறையவே பேசிச் சென்றுள்ளனர். ஆகவே இவ்வாண்டு தொலைவில் உள்ள கல்வியைப் பற்றி நாம் பேசப் போவதில்லை. நம் வீட்டுத் திண்ணையிலேயே அமர்ந்திருந்தும் நாம் கல்வி என்று கருதாத ஒன்றைப் பற்றிச் சில செய்திகளை எடுத்துரைக்க விழைகிறோம். அதுவே பின்னலாடை வடிவமைப்புக் கல்வி.

திருப்பூரில் வாழும் நமக்குப் பனியனைப் பற்றிப் பாடம் சொல்ல ஓர் ஆலிம் வேண்டுமா என்று சிலர் புன்னகைப்பது தெரிகிறது. நமது மஹல்லாவில் பனியன் கம்பெனியோடு தொடர்பில்லாத வீட்டைக் காண்பது அரிது. கட்டிங், ஓவர்லாக், பேட்லாக், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று ஒவ்வொரு வேலைக்கும் இங்கே தேர்ந்த கைகள் உண்டு. ஆயினும், மேசை மீது விரிக்கப்படும் அந்தத் துணி எவ்வாறு உண்டாயிற்று, அதை அவ்வாறு உண்டாக்கத் தீர்மானித்தவர் யார் என்று வினவினால், "அது நிட்டிங்காரர் பாடு, இது பையர் பாடு" என்று விடை வருகிறது. நாம் கேட்டவரையில் இருபது ஆண்டு அனுபவம் உள்ள தையற்காரரும் இதற்கு விலக்கல்லர். தைக்கும் கை நம்முடையது. தீர்மானிக்கும் மூளை வேறெங்கோ இருக்கிறது. இந்த நிலையைப் பற்றியே நமது கவலை. இவ்வுரைக்காக நமது ஜமாஅத்தில் நிட்டிங் தொழில் அறிந்தோரிடம் பல நாட்கள் அமர்ந்து கேட்டறிந்தோம். சில நூல்களையும் படித்தோம். அவற்றில் உங்களுக்குப் பயன்படும் என்று தோன்றியதைச் சொல்கிறோம்.

நெசவுத் துணியில் பாவு, ஊடை என இருவகை நூல்கள் குறுக்கும் நெடுக்குமாகச் செல்கின்றன. பின்னல் துணியில் அப்படியன்று. ஒரே நூல் வளைந்து ஒரு கண்ணியாகிறது, அந்தக் கண்ணிக்குள் அடுத்த கண்ணி நுழைகிறது, அதனுள் அடுத்தது. தொழிலாளர்கள் இதனை லூப் என்பர். நூலைப் பிரித்தால் முழுத் துணியும் மீண்டும் நூலாகிவிடும். நெசவுத் துணி இழுத்தால் அவ்வளவாக நீளாது. பின்னல் துணி இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். கண்ணி தன் வடிவத்தை மாற்றிக்கொள்வதே அதற்குக் காரணம். உடலோடு ஒட்டியும் மூச்சு விடவும் இடம் தருகின்ற இந்தத் தன்மையினால்தான் உள்ளாடை, காலுறை, குழந்தை உடை ஆகியவை பெரும்பாலும் பின்னல் துணியால் ஆயின.

நிட்டிங் மிஷினுக்குள் நிகழ்வதைக் கண்டோர் வியக்காமல் இருக்க இயலாது. ஊசியின் நுனியில் ஒரு கொக்கி. கொக்கிக்குக் கீழே கதவின் தாழ்ப்பாளைப் போல் திறந்து மூடும் சிறு நாக்கு. ஊசி மேலே எழும்போது பழைய கண்ணி அந்த நாக்கைத் திறந்து கீழே இறங்குகிறது. கொக்கி புதிய நூலைப் பற்றிக்கொண்டு இறங்கும்போது அதே பழைய கண்ணி நாக்கை மூடிவிட்டு ஊசியின் தலைக்கு மேலே கழன்று விழுகிறது. புதிய கண்ணி பழையதன் வழியே இழுபட்டு வந்துவிடுகிறது. தனக்கு வழிவிட வேண்டிய கதவைத் தானே திறந்து தானே மூடுகிறது அந்தக் கண்ணி! இந்த ஊசியை இங்கிலாந்தின் லெஸ்டர் நகரைச் சேர்ந்த மேத்யூ டவுன்செண்ட் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வடிவமைத்தார். இன்றும் நமது ஊரின் மிஷின்களில் ஓடுவது அதன் வழிவந்த ஊசியே.

30 அங்குல விட்டமும் 24 கேஜும் கொண்ட ஒரு மிஷினை எடுத்துக்கொள்வோம். கேஜ் என்பது ஓர் அங்குலத்தில் உள்ள ஊசிகளின் எண்ணிக்கை. ஆகவே சுற்றளவைக் கணக்கிட்டால் அதில் ஏறத்தாழ 2260 ஊசிகள் உள்ளன. நூல் ஊட்டும் இடங்கள் 90 இருக்குமானால், மிஷின் ஒரு சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணிகள் பிறந்துவிடும். நிமிடத்திற்கு 25 சுற்று என்றால் 50 லட்சம். கைவிரல்களால் பின்னிய காலத்தில் ஓர் ஊர் முழுவதும் கூடி அமர்ந்தாலும் எட்ட இயலாத எண்ணிக்கை இது.

கைவிரல்களால் பின்னிய அந்தக் காலத்தைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. நம் பிள்ளைகளின் பாடநூலில் அது இடம்பெறவில்லை. ஈரூசிப் பின்னல் முறையில் ஆன மிகப் பழைய துணிகளுள் பல எகிப்திலிருந்து கிடைத்தவை. நீலமும் வெள்ளையுமான பருத்தி நூலால் ஆன காலுறைகளும் துண்டுகளும் அவை. அந்நாடு முஸ்லிம் ஆட்சியில் இருந்த இடைக்காலத்தில் அவை பின்னப்பட்டன. சிலவற்றில் கூஃபி எழுத்தின் சாயலில் கோலங்கள் காணப்படுகின்றன. அதைவிடத் தெளிவான சான்று ஸ்பெயினில் உள்ளது. 1275-இல் மறைந்த காஸ்டில் நாட்டு இளவரசர் பெர்னாண்டோ டி லா செர்தாவின் கல்லறையில், பட்டு நூலால் பின்னப்பட்ட தலையணை உறை ஒன்று இருந்தது. பர்கோஸ் நகரின் லாஸ் உவெல்காஸ் மடத்தில் கிடைத்த அவ்வுறையின் ஓரத்தில் கூஃபி எழுத்தில் 'பரக்கத்' என்னும் அரபுச் சொல் பின்னப்பட்டிருக்கிறது. ஒரு கிறிஸ்தவ இளவரசரின் தலைக்கு அடியில் வைத்த உறையைப் பின்னிய கைகள் முஸ்லிம் கலைஞருடையவை என்று ஆய்வாளர் கருதுகின்றனர்.

இங்கே சற்று நிற்க வேண்டும். கண்ணிகளால் எழுத்தை வரைவது எளிய செயலன்று. கணக்குப் பாடத்திற்குப் பயன்படும் கட்டத்தாளில் ஒரு வட்டம் வரைந்து, கட்டத்திற்கு ஒரு கண்ணி என்று மிஷினில் பின்னிப் பாருங்கள். வட்டம் வராது, மேலும் கீழும் அமுங்கிய பூசணிக்காய்தான் வரும். ஏனெனில் கண்ணி சதுரமானதன்று. ஓர் அங்குல அகலத்தில் உள்ள கண்ணிகளைவிட ஓர் அங்குல உயரத்தில் உள்ள வரிசைகள் அதிகம். இதனை அறிந்தவர், உயரத்தில் கட்டங்களைக் கூட்டி, தாளில் நீண்ட முட்டை வடிவமாகத் தோன்றும்படி வரைந்து, துணியில் சரியான வட்டத்தைப் பெறுவார். பரக்கத் என்று எழுதிய அந்தக் கலைஞர் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கணக்கை அறிந்திருந்தார். இன்று அது வடிவமைப்புக் கல்லூரியில் பாடம். வடிவமைப்பு என்றவுடன் பொழுதுபோக்காக வண்ணம் தீட்டுவது என்று எண்ணுவோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். அது கணக்கும் கண்ணும் சேர்ந்த கல்வி.

பின்னல் இயந்திரத்தை முதலில் உண்டாக்கியவர் இங்கிலாந்தின் கால்வர்ட்டன் என்னும் சிற்றூரைச் சேர்ந்த வில்லியம் லீ. ஆண்டு 1589. அவர் ஒரு திருச்சபைப் போதகர் என்பது அந்நாட்டு மரபு வழிச் செய்தி. மார்க்கப் பணியில் உள்ளோருக்குத் தொழிலில் என்ன வேலை என்று நம்மைக் கேட்போருக்கு இதைத்தான் சொல்ல எண்ணுகிறோம்! கைப்பின்னலால் பிழைக்கும் ஏழைகளின் வாழ்வு பறிபோகும் என்று அஞ்சி முதலாம் எலிசபெத் அரசி அவருக்குக் காப்புரிமை தர மறுத்தார் என்பர். லீ பிரான்ஸ் நாட்டின் ரூவான் நகருக்குச் சென்றார். அங்கும் அவருக்குச் செழிப்பு வாய்க்கவில்லை. ஆயினும் அவருடைய இயந்திரம் இங்கிலாந்துக்குத் திரும்பிவந்து ஒரு பெருந்தொழிலாயிற்று. 1811-இல் நாட்டிங்காம் பகுதியின் பின்னல் தொழிலாளர்கள் முதலாளிகளின் இயந்திரங்களை உடைத்தனர் என்று வரலாற்றில் படித்திருப்பீர்கள். அவர்களுடைய மனக்குறைகளுள் ஒன்று கூலி. மற்றொன்று சரக்கின் தரம். அகலமான துணியைப் பின்னி, அதைக் காலுறை வடிவில் வெட்டித் தைத்து மலிவாக விற்றனர். வெட்டிய ஓரம் விரைவில் பிரிந்துவிடும், வாங்கியவர் ஏமாறுவார், தொழிலுக்கே கெட்ட பெயர் வரும் என்று அவர்கள் முறையிட்டனர். அடுத்த ஆண்டே இயந்திரத்தை உடைப்போருக்கு மரண தண்டனை என்று சட்டம் வந்தது. அவர்கள் இகழ்ந்த அந்த வெட்டித் தைக்கும் முறைதான், ஓரத்தைக் கட்டும் ஓவர்லாக் தையல் வந்த பிறகு, இன்று திருப்பூரின் பிழைப்பாக விளங்குகிறது.

இனி இத்தொழிலின் உயிர்நிலைக்கு வருவோம். தாவூத் (அலை) அவர்களுக்குக் கவசம் செய்யும் தொழில் கற்பிக்கப்பட்டதையும், அதன் வளையங்களை அளவறிந்து இணைக்குமாறு அவர்கள் பணிக்கப்பட்டதையும் ஸபா அத்தியாயத்தை ஓதியோர் அறிவர். வளையத்துக்குள் வளையம் கோத்த கவசத்திற்கும் கண்ணிக்குள் கண்ணி கோத்த துணிக்கும் அமைப்பில் உள்ள ஒற்றுமையை இத்தொழிலில் உள்ளோர் எண்ணிப் பார்க்கலாம். இரண்டிலும் அளவே ஆதாரம். 1959-இல் நாட்டிங்காமின் பின்னலாடை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மண்டன் என்னும் ஆய்வாளர் ஓர் உண்மையை நிறுவினார். சாதாரணப் பின்னல் துணி தன்னியல்பாகச் சுருங்கி நிலைபெறும்போது, அதன் நெருக்கத்தையும் அளவையும் முதன்மையாக நிர்ணயிப்பது ஒரு கண்ணிக்குச் செல்லும் நூலின் நீளமே என்பது அது. ஒரு சதுர அளவில் உள்ள கண்ணிகளின் எண்ணிக்கை, கண்ணி நீளத்தின் வர்க்கத்திற்கு எதிர்விகிதத்தில் அமையும்.

மாணவர்களுக்காகக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறோம். கண்ணி நீளம் 2.8 மில்லிமீட்டர் என்று குறித்த துணியில், கவனக்குறைவாலோ வேண்டுமென்றோ அது 2.9 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கூடியது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒரு சதுர அளவில் கண்ணிகள் ஏறத்தாழ 7 சதவீதம் குறைந்துவிடும். துணியின் எடை ஏறத்தாழ 3.5 சதவீதம் குறையும். துவைத்தபின் சுருக்கமும் கூடும். வீட்டில் தாய்மார்கள், "ஒரு துவையலிலேயே குட்டையாகிவிட்டதே" என்று நொந்துகொள்ளும் பனியனின் கதை பெரும்பாலும் இங்கேயோ, ஈரத்துணியை அளவுக்கு மீறி இழுத்து உலர்த்திய இடத்திலோ தொடங்குகிறது. பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வருகிறதே, அதற்கு நூலின் முறுக்கும் மிஷினில் நூல் ஊட்டும் இடங்களின் எண்ணிக்கையும் காரணமாகும். தையற்காரரைத் திட்டிப் பயனில்லை.

எடை என்று சொன்னோம். துணியில் வட்டமாக 100 சதுர சென்டிமீட்டர் வெட்டியெடுத்து நிறுத்து, வரும் கிராமை நூறால் பெருக்கினால் கிடைப்பது ஜி.எஸ்.எம். அதாவது ஒரு சதுர மீட்டரின் எடை. 150 என்று ஒப்புக்கொண்டு 140 கொடுப்பது சிலருக்குச் சாமர்த்தியமாகத் தோன்றுகிறது. கணக்கிற்காக ஒரு சட்டைக்கு ஒரு சதுர மீட்டர் துணி என்று கொண்டால், பத்தாயிரம் சட்டைகளில் 100 கிலோ துணி வாங்குவோரிடமிருந்து பறிக்கப்பட்டிருக்கிறது. அளவிலும் நிறுவையிலும் குறைப்போரைப் பற்றி ஒரு தனி அத்தியாயமே நமக்கு உண்டு. அதனை மளிகைக் கடைத் தராசுக்கு மட்டும் உரியதாக நாம் ஒதுக்கிவிட்டோம். கண்ணி நீளத்தைக் கூட்டுவதும், துணியை இழுத்து எடையைக் குறைப்பதும் அதே தராசுதான். இதில் தைப்பவருக்குப் பங்கில்லை என்பது உண்மை. அறியாதவர் தடுக்கவும் இயலாது என்பதும் உண்மை. துணியை அறிந்த ஒருவர் நிர்வாகத்தில் இருந்தால், "இது அமானிதம், இவ்வாறு அனுப்பலாகாது" என்று சொல்லும் தகுதியாவது அவருக்கு இருக்கும்.

திருப்பூரின் பின்னலாடை வரலாற்றை எழுதியோர், இவ்வூரின் முதல் பின்னல் தொழிற்கூடங்களுள் ஒன்றாக 1925-இல் குலாம் காதர் அவர்கள் நிறுவிய பேபி நிட்டிங்கைக் குறிப்பிடுகின்றனர். வெள்ளைப் பனியனில் தொடங்கிய ஊர் இது. 1970-களின் இறுதியில் இத்தாலிய இறக்குமதியாளர்களின் வருகையோடு டீ-சர்ட் ஏற்றுமதி வளரத் தொடங்கியது. 1990-இல் ஏற்றுமதியாளர் சங்கம் அமைந்தது. அண்மை ஆண்டுகளில் இவ்வூரின் ஏற்றுமதி ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாயைத் தாண்டி நிற்கிறது. அந்தத் தொடக்கத்தில் நம் சமுதாயத்திற்கு இருந்த இடம் பெருமைக்குரியது. இன்று நம் இளைஞர்களுள் பெரும்பாலோர் இருப்பது பீஸ் ரேட் கூலியில். அன்றைய முன்னோடி மிஷினை அறிந்திருந்தார். அதனால் தொழிலைத் தொடங்கினார். இன்றைய இளைஞர் பிளஸ் டூ முடித்த மறுவாரமே ஓவர்லாக்கில் அமர்ந்துவிடுகிறார். கைச்செலவுக்குப் பணம் வருகிறது, வீட்டிலும் மகிழ்ச்சி. முப்பத்தைந்து வயதில் முதுகு வலிக்கிறது, கண் மங்குகிறது, கூலியோ ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கிறது. உழைத்து உண்பதை நாம் குறைத்துப் பேசவில்லை. அது உயர்ந்த ஹலால். அந்த உழைப்போடு அறிவும் சேரட்டும் என்பதே நமது வேண்டுகோள்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களின் மீது 50 சதவீதம் வரை சுங்கவரி விதித்தபோது இவ்வூர் பட்ட கலக்கத்தை நாம் அனைவரும் கண்டோம். பிறர் வரைந்து அனுப்பும் சாதாரணச் சட்டையைத் தைத்துத் தருவோரிடமிருந்து, அந்த வேலையை வேறொரு நாட்டுக்கு மாற்றுவது எளிது. தனக்கென்று ஒரு துணியையும் ஒரு வடிவத்தையும் உருவாக்கியவரிடமிருந்து அதை மாற்றுவது அவ்வளவு எளிதன்று.

இந்த ஆண்டு நம்மிடம் ஆலோசனை கேட்டு இரு தந்தையர் வந்தனர். ஒருவர் மகனைப் பற்றி: "ஹஜ்ரத், பையன் வரைகிறான், கணக்கும் வருகிறது, இதற்கு ஏதேனும் படிப்பு உண்டா?" மற்றவர் மகளைப் பற்றி: "பிள்ளை துணி வடிவமைப்புப் படிக்க வேண்டும் என்று அழுகிறாள், ஃபேஷன் என்கிறார்கள், கூடாது என்று தாங்கள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் வீட்டில் அமைதி வந்துவிடும்." முதலாமவருக்கு விடை எளிது. இரண்டாமவருக்கு அவர் எதிர்பார்த்த விடையை நாம் தரவில்லை.

ஃபேஷன் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்கும் பெற்றோரின் அச்சத்தை நாம் அறிவோம். மேடையில் நடப்பதும் உடலைக் காட்டுவதும் அவர்கள் கண்முன் வருகின்றன. ஆனால் பின்னலாடை வடிவமைப்புப் பயிலும் மாணவி பெரும்பகுதி நேரம் செய்வது வேறு. நூலின் எண்ணைக் கணக்கிடுகிறாள். சிங்கிள் ஜெர்சி ஏன் ஓரத்தில் சுருள்கிறது, ரிப் துணி ஏன் அகலத்தில் விரிந்து மீள்கிறது, இன்டர்லாக் ஏன் இருபுறமும் ஒன்றுபோல் தோன்றிச் சுருளாமல் நிற்கிறது என்று ஆராய்கிறாள். கண்ணியை முழுதாக இறக்காமல் ஊசியிலேயே தங்கவைத்து அடுத்ததோடு சேர்த்து விட்டால் துணியில் குழிகுழியான பிக்கே வருகிறது. காலர் வைத்த சட்டைகளின் துணி அது. இத்தகைய மாற்றங்களை மிஷினின் ஊசிகளை வரிசை மாற்றி உண்டாக்கிப் பார்க்கிறாள். கணினியில் கோலம் வரைந்து பிளாட் மிஷினில் பின்னுகிறாள். உடலளவுகளைக் கொண்டு பேட்டர்ன் வெட்டுகிறாள். இதில் எது கூடாதது?

உருவம் வரைவது பற்றி மாணவியர் சிலர் எழுதிக் கேட்டிருந்தனர். உயிருள்ளவற்றின் உருவத்தை வரைவதில் மார்க்க அறிஞர்களிடையே உள்ள கருத்துகளை இங்கே விரிப்பதற்கு நேரமில்லை. தனியே வந்து கேட்டால் விளக்குவோம். எனினும், ஆடையை மட்டும் தட்டையாக விரித்து வைத்தாற்போல் கோட்டோவியமாக வரைந்து அளவுகளைக் குறிக்கும் முறை ஒன்று உண்டு. கம்பெனிகளுக்கு வருகிற டெக் பேக்கில் இருப்பது அந்த ஓவியமே. தொழிலில் கூடுதலாகப் பயன்படுவதும் அதுதான். கல்லூரியில் மனித உருவ வரைவும் பாடமாக வரும் என்பதை மறைக்க மாட்டோம். முகம் வரையாமல் ஆடையை மட்டும் காட்டுவதற்கு ஆசிரியரிடம் முன்கூட்டியே பணிவுடன் பேசிக்கொள்ளலாம்.

ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நம் பெண்கள் அணியும் ஜெர்சி ஹிஜாபும், அதற்குள் அணியும் உள்தொப்பியும் பின்னல் துணியே. ஊசி குத்தாமல் நிற்பது, நழுவாமல் இருப்பது, வெயிலில் வியர்வையை உறிஞ்சுவது, அதே வேளையில் உடலோடு ஒட்டி வடிவத்தைக் காட்டாமல் தொங்குவது ஆகிய நான்கும் ஒரே துணியில் வேண்டும். பின்னல் துணியின் இயல்போ ஒட்டுவது! இந்த முடிச்சை அவிழ்க்க வேண்டுமானால் கண்ணி அமைப்பும் நூலின் தன்மையும் துணியின் எடையும் தெரிந்திருக்க வேண்டும். அணிபவருக்கு என்ன தேவை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் நம் பிள்ளைகளைவிட இதற்குத் தகுதி வாய்ந்தோர் யார்? துருக்கியும் மலேசியாவும் இந்தோனேசியாவும் இத்தகைய ஆடைகளில் பெரும் வணிகம் செய்கின்றன. பனியன் நகரத்தில் வாழும் நாம் கடையில் விலை கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

நிறத்தைப் பற்றியும் பேச வேண்டும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும், ஊர் பல மாதங்கள் தவித்ததும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். நொய்யலின் நீரும் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே உள்ள உழவர்களின் நிலமும் பாழானதன் விளைவு அது. கழிவுநீரைச் சொட்டும் வெளியேற்றாத சுத்திகரிப்பு முறை அதன் பின்னரே இங்கே உறுதிப்பட்டது. பருத்தித் துணிக்குச் சாயம் ஏற உப்பு வேண்டும். நிறம் அடர்த்தியாக ஆக உப்பும் கூடுதலாக வேண்டும். ஆகவே ஒரு வடிவமைப்பாளர் மேசையில் அமர்ந்து கறுப்பா வெளிர் சாம்பலா என்று தீர்மானிக்கும் நொடியிலேயே எத்தனை உப்பு நீரில் கரைய வேண்டும் என்பதும் பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது. சாயப்பட்டறையில் நிற்பவரைக் குறை சொல்கிறோம். நிறத்தைத் தேர்ந்தவரை எவரும் கேட்பதில்லை. அந்த மேசையில் நீரின் அருமை தெரிந்த பிள்ளை ஒருவர் அமர்ந்தால் அது ஊருக்குச் செய்யும் பேருதவி.

தையல் வேலை என்றென்றும் இருக்கும் என்று எண்ணிக் கவலையற்று இருப்போருக்கும் ஒரு செய்தி. ஜப்பானின் வகயாமா நகரைச் சேர்ந்த ஷிமா செய்கி நிறுவனம் கையுறை பின்னும் இயந்திரத்தில் தொடங்கியது. 1995-இல் அது முழு ஆடையையும் ஒரே துண்டாகப் பின்னும் இயந்திரத்தை உலகுக்குக் காட்டியது. உடலும் இரு கைகளும் மூன்று குழல்களாகப் பின்னப்பட்டுத் தோளில் ஒன்று சேர்கின்றன. வெட்டவும் வேண்டாம், தைக்கவும் வேண்டாம், வெட்டுத் துணிக் கழிவும் பெரும்பாலும் இல்லை. மெல்லிய டீ-சர்ட் துணிக்கு அம்முறை இன்னும் பொருந்தி வரவில்லை. கம்பளி ஆடைகளிலேயே மிகுதியாகப் பயன்படுகிறது. எனவே நாளைக்கே நம் தையற்காரருக்கு வேலை போய்விடும் என்று பயமுறுத்த மாட்டோம். அந்த இயந்திரத்திற்குத் தையற்காரர் தேவையில்லை, கண்ணி கண்ணியாகச் சிந்தித்துக் கணினியில் எழுதுபவர் தேவை என்பதை மட்டும் கவனத்தில் வையுங்கள்.

எங்கே படிப்பது? நமது ஊரிலேயே 1997-இல் தொடங்கப்பட்ட நிஃப்ட்-டீ பின்னலாடைக் கல்லூரி உள்ளது. பாரதியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. மகளை வெளியூருக்கு அனுப்பத் தயங்குவோருக்கு இது பெரும் வாய்ப்பு. சென்னையில் மத்திய அரசின் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனத்தில் பின்னலாடை வடிவமைப்புக்கென்றே நான்கு ஆண்டுப் பட்டப் படிப்பு உண்டு. பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்தவரும் நுழைவுத் தேர்வு எழுதலாம். அதில் வரைதிறனும் பொதுத்திறனும் சோதிக்கப்படும். விண்ணப்பம் பள்ளித் தேர்வுக்கு முன்பே முடிந்துவிடும் என்பதால், முடிவு வந்தபின் ஓடுவதில் பயனில்லை. பதினோராம் வகுப்பிலேயே ஆயத்தமாக வேண்டும். கட்டணம் அதிகம்தான், குறைந்த வருமானம் உள்ளோருக்குச் சலுகைத் திட்டம் உண்டு, கேட்டறியுங்கள். இயந்திரப் பக்கம் ஈடுபாடு உள்ளோர் கோவையின் பொறியியல் கல்லூரிகளில் ஜவுளித் தொழில்நுட்பம் பயிலலாம். இவற்றுக்கெல்லாம் வசதியில்லாத பிள்ளைகள் வேலைக்குச் செல்ல நேர்ந்தால், நேராகத் தையல் மேசைக்குச் செல்லாமல் இரண்டு ஆண்டு நிட்டிங் கம்பெனியிலோ சாம்பிள் அறையிலோ இருந்து வரட்டும். தொடக்கத்தில் கூலி குறையும். தந்தைமார்கள் அந்த இரண்டு ஆண்டைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நிர்வாகிகளிடம் நாம் வைத்த கோரிக்கை ஒன்றை அவர்கள் ஏற்றுள்ளனர். கையால் தள்ளி இயக்கும் சிறிய பிளாட் மிஷின் ஒன்றை வாங்கி மதரஸாவின் மாடி அறையில் வைப்பதென்றும், ஞாயிறு காலை மாணவருக்கும் மாலை மாணவியருக்கும் அதில் பயிற்சி அளிப்பதென்றும் முடிவாகியுள்ளது. மாணவியருக்குக் கற்பிக்க, சாம்பிள் அறையில் பல ஆண்டுகள் பணியாற்றிய நம் ஜமாஅத்துச் சகோதரி ஒருவர் இசைந்துள்ளார். பழைய நூல் கோன்கள் இருப்போர் தந்து உதவலாம். அறுந்து முடிச்சு விழுந்ததாக இருந்தாலும் பழகுவதற்குப் போதும். அரையாண்டு விடுமுறையில் நிட்டிங், டையிங், காம்பேக்டிங் ஆகிய மூன்று இடங்களுக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லவும் ஏற்பாடு நடைபெறுகிறது.

மகளைப் பற்றிக் கேட்ட அந்தத் தந்தை இவ்வவையில் அமர்ந்திருக்கிறார். அவருடைய மகளின் பெயர் பயிற்சிப் பட்டியலில் முதலாவதாக உள்ளது. எழுதிக் கொடுத்தவர் அவரே. மற்றவர்கள் இன்று அஸருக்குப் பின் முஅத்தின் அவர்களிடம் பெயர் தரலாம். இடம் பன்னிரண்டு பேருக்கு மட்டுமே.

வஸ்ஸலாம்.